சி. சு. செல்லப்பா

சி. சு. செல்லப்பா (செப்டம்பர் 29, 1912 – டிசம்பர் 18, 1998) தமிழ் எழுத்தாளர், இதழாளர், இலக்கிய விமர்சகர், பதிப்பாளர். சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா என்பது இவரது முழுப்பெயரின் விரிவு. 1959 முதல் 1970 வரை இவர் நடத்திய எழுத்து என்னும் இதழ் தமிழில் புதுக்கவிதை நிலைபெறவும், இலக்கிய விமர்சனம் தனித் துறையாக வளரவும் களம் அமைத்தது. தமிழ்ச் சிற்றிதழ் மரபின் முன்னோடியாகவும் அவ்விதழ் கருதப்படுகிறது. ஏறுதழுவலைப் பின்புலமாகக் கொண்ட வாடிவாசல் என்னும் குறுநாவல் இவரது படைப்புகளுள் மிகவும் அறியப்பட்டது. சுதந்திர தாகம் என்ற நாவலுக்காக, மறைவுக்குப் பின் 2001 ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளமைக் காலம்

செல்லப்பா இன்றைய தேனி மாவட்டத்திலுள்ள சின்னமனூரில் பிறந்தார். தாயின் ஊரான வத்தலக்குண்டில் வளர்ந்தார். வத்தலக்குண்டு தமிழ் உரைநடை வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊர். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய பி. ஆர். ராஜமையரும், பின்னாளில் மணிக்கொடி இதழின் ஆசிரியராகப் பெயர்பெற்ற பி. எஸ். ராமையாவும் இவ்வூரைச் சேர்ந்தவர்கள். ராமையாவுடனான நட்பு செல்லப்பாவின் இலக்கிய வாழ்வில் இறுதிவரை நீடித்தது.

மதுரையில் கல்லூரிக் கல்வி பயின்ற காலத்தில் செல்லப்பா காந்தியடிகளின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டார். உப்புச் சத்தியாக்கிரகமும் அதனைத் தொடர்ந்த சட்டமறுப்புப் போராட்டங்களும் நாட்டை உலுக்கிய காலம் அது. கதர் உடுத்துவதும் எளிய வாழ்வும் அவருக்கு வாழ்நாள் வழக்கங்களாயின. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, 1941 ஆம் ஆண்டு தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போது சிறை சென்றார். இந்த அனுபவங்களே பல பத்தாண்டுகளுக்குப் பின் அவரது பெரிய நாவலுக்கு மூலப்பொருள் ஆயின.

மணிக்கொடிக் காலம்

செல்லப்பாவின் முதல் சிறுகதை 1934 இல் சங்கு சுப்பிரமணியம் நடத்திய சுதந்திரச் சங்கு இதழில் வெளிவந்தது. அதன் பின்னர் அவர் மணிக்கொடியில் எழுதத் தொடங்கினார்.

மணிக்கொடி 1933 இல் கு. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோரால் அரசியல் வார இதழாகத் தொடங்கப்பட்டது. 1935 இல் அது பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மாறியது. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோரின் கதைகளால் அவ்விதழ் புகழ் பெற்றது. செல்லப்பா இக்குழுவில் வயதில் இளையவர். மணிக்கொடியில் வெளியான சரஸாவின் பொம்மை என்ற கதை அவருக்கு ஒரு சிறுகதையாசிரியராக அடையாளம் தேடித்தந்தது. குழந்தையின் உலகத்தை மிகையின்றிச் சொல்லும் அக்கதையின் பெயரிலேயே அவரது தொகுப்பு ஒன்றும் வெளியானது.

மணிக்கொடி 1939 இல் நின்றுபோனது. குறைந்த வாசகர்களைக் கொண்ட ஓர் இதழ், ஒரு மொழியின் இலக்கியப் போக்கையே மாற்றிவிட முடியும் என்பதை அருகிலிருந்து கண்டவர் செல்லப்பா. இருபது ஆண்டுகள் கழித்துத் தாமே ஓர் இதழைத் தொடங்கியபோது அவர் முன்மாதிரியாகக் கொண்டது மணிக்கொடியையே எனலாம்.

இதழியல் பணி

1930களின் பிற்பகுதியில் செல்லப்பா சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1940களில் க. நா. சுப்ரமண்யம் ஆசிரியராக இருந்த சந்திரோதயம் இதழில் பணியாற்றினார். பின்னர் தினமணி கதிரில் பணிபுரிந்து 1950களின் தொடக்கத்தில் அதிலிருந்து விலகினார். நிலையான ஊதியம் தரும் வேலை அவருக்கு அதன் பின்னர் நெடுங்காலம் அமையவில்லை.

பெருவாரியான வாசகர்களுக்கான இதழ்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இப்பணிகள் அவருக்குக் காட்டின. எந்தக் கதை வெளிவர வேண்டும் என்பதை விற்பனை முடிவு செய்கிறது என்றும், சோதனை முயற்சிகளுக்கு அங்கே இடமில்லை என்றும் அவர் கருதினார். அவர் தமது இதழைத் தொடங்கியதற்கான காரணத்தை இந்த அனுபவத்தில் காணலாம்.

எழுத்து தோன்றிய சூழல்

1950களில் ஆனந்த விகடன், கல்கி, குமுதம் முதலிய இதழ்கள் தமிழ்நாட்டின் வாசிப்பைப் பெருமளவில் விரிவுபடுத்தியிருந்தன. தொடர்கதை அக்காலத்தின் முதன்மை வடிவமாக இருந்தது. புதுமைப்பித்தனும் கு. ப. ராஜகோபாலனும் 1940களிலேயே மறைந்துவிட்டனர். மௌனி அரிதாகவே எழுதினார். ந. பிச்சமூர்த்தி கவிதை எழுதுவதை நெடுங்காலம் நிறுத்தியிருந்தார். மறுபுறம் ரகுநாதனின் சாந்தி, விஜயபாஸ்கரனின் சரஸ்வதி ஆகிய இதழ்கள் முற்போக்கு இலக்கியத்துக்கும் தரமான படைப்புகளுக்கும் இடமளித்து வந்தன.

தமிழ்ச் சிறுகதை தேக்கமுற்றுவிட்டதா, தரமான இலக்கியத்தை எவ்வாறு இனங்காண்பது என்ற விவாதம் இக்காலத்தில் செல்லப்பாவுக்கும் க. நா. சுப்ரமண்யத்துக்கும் முதன்மையானதாக இருந்தது. இத்தகைய கேள்விகளை விரிவாக ஆராயும் கட்டுரைகளை வெளியிட இதழ்கள் முன்வரவில்லை. ஆகவே, விமர்சனத்துக்கென்றே ஓர் இதழ் தேவை என்ற முடிவுக்குச் செல்லப்பா வந்தார்.

எழுத்து இதழ்

எழுத்து 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அப்போது செல்லப்பாவுக்கு வயது 46. ஆசிரியர், வெளியீட்டாளர், மெய்ப்புத் திருத்துபவர், அஞ்சலில் அனுப்புபவர் ஆகிய எல்லாப் பொறுப்புகளையும் பெரும்பாலும் அவரே ஏற்றிருந்தார்.

இதழின் அமைப்பு அக்காலத்து வழக்கத்துக்கு மாறானது. வண்ண அட்டை, கேலிச்சித்திரம், திரைப்படச் செய்தி, தொடர்கதைக்கான ஓவியம் ஆகிய எதுவும் அதில் இல்லை. இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்றும், கடைகளில் விற்பனைக்கு வைப்பதில்லை என்றும் அவர் தொடக்கத்திலேயே அறிவித்தார். உண்மையில் சந்தாதாரர் எண்ணிக்கை அந்த வரம்பை எட்டவே இல்லை. சில நூறு வாசகர்களை நம்பியே இதழ் நடந்தது. விளம்பர வருவாய் மிகவும் குறைவு. ஏற்பட்ட இழப்பைச் செல்லப்பா தம் கைப்பொருளைக் கொண்டு ஈடுசெய்தார்.

ஆயினும் எழுத்து பன்னிரண்டாம் ஆண்டு வரை வெளிவந்தது. மாத இதழாக வந்த எழுத்து இறுதிக் காலத்தில் காலாண்டிதழாக மாறி, 1970 இல் நின்றது. மொத்தம் 119 இதழ்கள் வெளியாயின. பெருநிறுவனமோ அரசியல் கட்சியோ பின்னால் இல்லாத ஓர் இலக்கிய இதழுக்கு இது நீண்ட ஆயுள் ஆகும்.

புதுக்கவிதையும் எழுத்தும்

யாப்பு விதிகளுக்குக் கட்டுப்படாத கவிதையைத் தமிழில் பாரதியார் வசன கவிதை என்ற வடிவில் முயன்றிருந்தார். 1934 இல் ந. பிச்சமூர்த்தி மணிக்கொடியில் அத்தகைய கவிதைகளை எழுதினார். கு. ப. ராஜகோபாலனும் எழுதினார். எனினும் 1940களுக்குப் பின் இம்முயற்சி ஏறத்தாழ நின்றுபோயிருந்தது.

எழுத்து தொடங்கியபோது அதன் முதன்மை நோக்கம் விமர்சனமே, கவிதை அன்று. ஆனால் பிச்சமூர்த்தியின் பழைய கவிதையொன்றை முதல் இதழில் மறுவெளியீடு செய்ததும் எதிர்பாராத விளைவு ஏற்பட்டது. அதைப் படித்த இளைஞர்கள் அதே முறையில் எழுதிய கவிதைகளைச் செல்லப்பாவுக்கு அனுப்பத் தொடங்கினர். பிச்சமூர்த்தியும் மீண்டும் கவிதை எழுத முன்வந்தார். இவ்வாறு விமர்சன இதழாகத் திட்டமிடப்பட்ட எழுத்து, வரலாற்றில் புதுக்கவிதை இதழாக இடம்பெற்றது.

எழுத்து மூலம் கவனம் பெற்ற கவிஞர்களுள் சிலர் பின்வருமாறு:

• பசுவய்யா: சுந்தர ராமசாமி கவிதைக்குக் கொண்ட புனைபெயர்.
• தருமு சிவராமு: இலங்கையின் திருகோணமலையைச் சேர்ந்தவர். பின்னாளில் பிரமிள் என்ற பெயரில் அறியப்பட்டார். இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே இவரது கவிதைகளும் கட்டுரைகளும் எழுத்துவில் வெளியாயின.
• சி. மணி: நகர வாழ்வைக் கருவாகக் கொண்ட நரகம் என்னும் நெடுங்கவிதையை எழுதியவர். பின்னர் சேலத்திலிருந்து வந்த நடை இதழில் முதன்மைப் பங்காற்றினார்.
• எஸ். வைத்தீஸ்வரன், தி. சோ. வேணுகோபாலன்: படிமத்தையும் அன்றாட வாழ்வையும் கவிதையில் இணைத்தவர்கள்.
• டி. கே. துரைஸ்வாமி: நகுலன் என்ற பெயரில் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர்.
• கி. கஸ்தூரிரங்கன்: 1965 இல் கணையாழி இதழைத் தொடங்கியவர்.

1962 இல் செல்லப்பா, 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்தெடுத்துப் புதுக்குரல்கள் என்ற தொகுப்பை வெளியிட்டார். இது தமிழின் முதல் புதுக்கவிதைத் தொகுப்பு ஆகும். அதே ஆண்டில் பிச்சமூர்த்தியின் காட்டு வாத்து தொகுப்பும் எழுத்து பிரசுரமாக வெளிவந்தது.

மரபுக் கவிதையில் பயிற்சி உடையோரிடமிருந்து இம்முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. யாப்பு அறியாதவர்களின் வேலை என்பது அவர்கள் கூறிய முதன்மைக் குறை. செல்லப்பா இதற்கு எழுத்துவிலேயே விடையளித்தார். ஓசை ஒழுங்கு மட்டும் கவிதையாகாது என்பதும், புதிய வாழ்க்கை அனுபவம் தனக்குரிய வடிவத்தைத் தேடிக்கொள்கிறது என்பதும் அவரது வாதத்தின் சாரம். கவிதைகளை வெளியிட்டதோடு நில்லாமல், அவற்றை எவ்வாறு படிப்பது என்றும் வரி வரியாக விளக்கியதே அவர் செய்த தனிப்பணி.

விமர்சன முறை

எழுத்துக்கு முன்பு தமிழில் இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் பாராட்டுரையாகவோ பழந்தமிழ் நூல்களுக்கான விளக்கமாகவோ இருந்தது. சமகாலப் படைப்பை ஆராயும் பழக்கம் குறைவு. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எஃப். ஆர். லீவிஸ் முதலிய ஆங்கிலத் திறனாய்வாளர்களைச் செல்லப்பா ஆழ்ந்து படித்து, அவர்களுடைய முறையைத் தமிழ்ப் படைப்புகளுக்குப் பொருத்திப் பார்த்தார். இது அலசல் விமர்சனம் என அழைக்கப்படுகிறது.

இம்முறையில் விமர்சகர் ஆசிரியரின் வாழ்க்கையையோ நூலின் புகழையோ தொடக்கப் புள்ளியாகக் கொள்வதில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு, அதன் சொல் தேர்வு, படிமம், தொனி, கதை சொல்லும் கோணம், நிகழ்ச்சிகளின் அடுக்கு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்கிறார். இவை ஒன்றோடொன்று இயைந்து எத்தகைய அனுபவத்தை உண்டாக்குகின்றன என்பதிலிருந்து மதிப்பீட்டுக்கு வருகிறார்.

க. நா. சுப்ரமண்யத்தின் அணுகுமுறை இதிலிருந்து வேறுபட்டது. தேர்ந்த வாசகரின் ரசனையே தரத்தை இனங்காணப் போதுமானது என்பது அவரது நிலைப்பாடு. தொடக்கத்தில் எழுத்துக்குத் துணைநின்ற அவர், கருத்து வேறுபாட்டால் விலகி 1963 இல் இலக்கிய வட்டம் என்ற இதழைத் தொடங்கினார். காரணம் காட்டாத தீர்ப்பு வாசகருக்குப் பயன்படாது என்ற நிலையில் செல்லப்பா உறுதியாக இருந்தார். தமிழ் விமர்சனத்தின் இரு வேறு வழிகளாக இவ்விரு பார்வைகளும் பின்னரும் தொடர்ந்தன.

வெங்கட் சாமிநாதன் விமர்சகராக அறிமுகமானதும் எழுத்து மூலமே. நாடகாசிரியர் ந. முத்துசாமியின் தொடக்ககாலச் சிறுகதைகளும் இவ்விதழில் வெளியாயின.

எழுத்து பிரசுரம்

இதழுடன் எழுத்து பிரசுரம் என்ற பதிப்பகத்தையும் செல்லப்பா நடத்தினார். வணிகப் பதிப்பகங்கள் ஏற்கத் தயங்கிய கவிதை, விமர்சனம், சிறுகதை நூல்களை அது வெளியிட்டது. நூல்களை விற்பதற்குத் தனி அமைப்பு எதுவும் இல்லை. செல்லப்பாவே நூல்களைச் சுமந்துகொண்டு தமிழகத்தின் பல ஊர்களுக்கும் சென்று, கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சந்தித்து விற்றார். இப்பயணங்களின்போது புதிய இலக்கியம் குறித்து உரையாடவும் செய்தார். நூல் விற்பனை, இலக்கியப் பரப்புரை ஆகிய இரண்டும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன.

படைப்புகள்

எழுத்து இதழாசிரியர் என்ற புகழ், செல்லப்பாவின் படைப்புகளை ஓரளவு மறைத்துவிட்டது என்பர். அவரது நாவல்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

வாடிவாசல் (1959) அளவில் சிறியது. ஏறுதழுவும் விழா ஒன்றில் ஒரே நாளின் மாலைப்பொழுதில் நடப்பது. தன் தந்தையின் சாவுக்குக் காரணமான காரி என்னும் காளையை அணைய வரும் பிச்சி, அக்காளையின் உரிமையாளரான ஜமீன்தார், காளை ஆகிய மூவரின் மானமும் அக்களத்தில் பணயமாகிறது. காளை பிடிபட்டபின் நிகழும் முடிவு, விளையாட்டுக்குள் மறைந்திருக்கும் அதிகாரத்தின் முகத்தைக் காட்டிவிடுகிறது. மதுரை வட்டாரப் பேச்சுமொழியும், களத்தின் நுட்பங்களைப் பற்றிய துல்லியமான விவரங்களும் இதன் சிறப்புகள். ஆசிரியர் எங்கும் குறுக்கிட்டுக் கருத்துச் சொல்வதில்லை.

ஜீவனாம்சம் எழுத்துவில் தொடராக வெளிவந்து நூலானது. இளம் விதவை ஒருத்தியின் ஜீவனாம்ச வழக்கை ஒட்டி அவள் மனத்தில் ஓடும் எண்ணங்களே இதன் கதை. நிகழ்ச்சிகளைக் குறைத்து, முழு நாவலையும் ஒரு பெண்ணின் மனவோட்டமாக அமைத்தது அக்காலத் தமிழில் துணிச்சலான சோதனை.

சுதந்திர தாகம் 1997 இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. 1927 முதல் 1934 வரையிலான விடுதலைப் போராட்டத்தை, பெருந்தலைவர்களின் பக்கமிருந்து அல்லாமல் அதில் கலந்துகொண்ட எளிய இளைஞர்களின் பக்கமிருந்து இந்நாவல் சொல்கிறது. இந்நூலைச் செல்லப்பா தமது எண்பத்தைந்தாம் வயதில் தாமே வெளியிட்டார்.

இவை தவிர ஏராளமான சிறுகதைகளும், முறைப்பெண் என்ற நாடகமும், காந்தியடிகளை முன்னிறுத்தி எழுதிய நீ இன்று இருந்தால் என்ற நெடுங்கவிதையும் குறிப்பிடத்தக்கவை.

இறுதிக் காலம்

எழுத்து நின்றபின் செல்லப்பா சில காலம் வத்தலக்குண்டில் வாழ்ந்தார். பிற்காலத்தில் பெங்களூரில் மகனுடன் தங்கியிருந்து, பின்னர் சென்னை திருவல்லிக்கேணிக்குத் திரும்பினார். வறுமையும் முதுமையும் அவரது எழுதும் வேகத்தைக் குறைக்கவில்லை. மணிக்கொடித் தலைமுறை எழுத்தாளர்களைப் பற்றி விரிவான ஆய்வுகளை எழுதினார். பி. எஸ். ராமையாவின் சிறுகதைகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதியது நண்பருக்குச் செய்த கடமையாகவும் அமைந்தது.

பரிசுகளையும் பிறர் உதவியையும் ஏற்பதில் அவர் மிகுந்த தயக்கம் காட்டினார். 1990களில் வெளிநாடுவாழ் தமிழர் அமைப்பான விளக்கு அவருக்குப் புதுமைப்பித்தன் நினைவு விருதை அறிவித்தபோது, அத்தொகையைத் தம் கையில் பெறாமல் நூல் வெளியிடப் பயன்படுத்தச் செய்தார்.

செல்லப்பா 1998 டிசம்பர் 18 அன்று சென்னையில் காலமானார். சுதந்திர தாகத்துக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவிக்கப்பட்டபோது அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மதிப்பீடு

எழுத்து குறித்து மாற்றுக் கருத்துகளும் உண்டு. அதன் கவிதைகள் தனிமனித மனத்தின் சோர்வையும் விரக்தியையும் மட்டுமே பேசின என்றும், சமூகச் சிக்கல்களை விலக்கின என்றும் முற்போக்கு முகாமைச் சேர்ந்த விமர்சகர்கள் குறைகூறினர். மேலைநாட்டு அளவுகோல்களைத் தமிழுக்குப் பொருத்துவதையும் சிலர் ஏற்கவில்லை. செல்லப்பாவின் விமர்சன நடை நீண்ட சொற்றொடர்களைக் கொண்டு படிப்பதற்குக் கடினமானது என்பது அவரை மதிப்பவர்களும் ஒப்புக்கொள்ளும் குறை. தம் கருத்தில் அவர் காட்டிய பிடிவாதத்தால் உடனிருந்தவர்கள் சிலர் விலகிச் சென்றனர். அதே பிடிவாதம் இல்லாதிருந்தால் எழுத்து ஓராண்டைக்கூடத் தாண்டியிருக்காது என்பதும் எண்ணத்தக்கது.

எழுத்து நின்றுபோன 1970 ஆம் ஆண்டிலேயே கசடதபற தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் 1968 இல் நடை தோன்றியிருந்தது. 1970களில் புதுக்கவிதை பரவலான வடிவமாகி, பெரிய இதழ்களிலும் இடம்பெறத் தொடங்கியது. வல்லிக்கண்ணன் எழுதிச் சாகித்திய அகாதமி விருது பெற்ற புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும் என்ற நூல் இவ்வரலாற்றில் எழுத்து ஆற்றிய பங்கை விரிவாகப் பதிவு செய்கிறது.

வாடிவாசல் பல பதிப்புகளைக் கண்டுள்ளது. ந. கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்துள்ளது. 2017 இல் ஏறுதழுவல் உரிமைக்காகத் தமிழகத்தில் நடந்த போராட்டம், இந்நூலின் பொருளுக்குப் புதிய தலைமுறையிடையே கவனம் பெற்றுத் தந்தது. சில நூறு பேருக்காக அச்சிடப்பட்ட எழுத்து, அந்தச் சில நூறு பேரிலிருந்தே அடுத்த தலைமுறைக் கவிஞர்களையும் விமர்சகர்களையும் இதழாசிரியர்களையும் உருவாக்கியது.

முக்கிய நூல்கள்

• சரஸாவின் பொம்மை (சிறுகதைகள்)
• வாடிவாசல் (குறுநாவல்)
• ஜீவனாம்சம் (நாவல்)
• சுதந்திர தாகம் (நாவல், 3 பாகங்கள்)
• முறைப்பெண் (நாடகம்)
• மாற்று இதயம் (கவிதைகள்)
• நீ இன்று இருந்தால் (நெடுங்கவிதை)
• புதுக்குரல்கள் (தொகுப்பாசிரியர்)
• தமிழில் இலக்கிய விமர்சனம்
• தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது
• எனது சிறுகதைப் பாணி
• ராமையாவின் சிறுகதைப் பாணி